வைத்திக்குப்பத்துக்குக் கொண்டுபோன பழைய சாவு

எங்கள் சங்கத்தில் புல் பிடுங்க வேண்டுமென்றால் முதலில் சந்தா கட்ட வேண்டும். இந்தத் தடவை புதுச்சேரியில் இதை யாரிடம் சொன்னாலும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். என் மனைவியின் தம்பி ரத்தினம், நான் வந்து இறங்கிய அன்றே கேட்டுவிட்டான்.

"மாமா, அவங்க உனக்குக் கூலி குடுக்கறாங்களா, நீ அவங்களுக்குக் குடுக்கறியா?"

நான்தான் கொடுக்கிறேன் என்றேன். அவன் எழுந்துபோய் மின்விசிறியை இன்னும் கொஞ்சம் வேகமாக வைத்தான்.

நான் பிரான்சுக்குப் போன கதை ரொம்பப் பெரியது இல்லை. எனக்கு மில்லில் வேலை இருந்தது, என் மனைவிக்கு பிரெஞ்சு குடியுரிமை இருந்தது. மில்லை மூடிவிட்டார்கள். குடியுரிமையை யாரும் மூடவில்லை. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் தட்டு கழுவும் வேலை. பள்ளிக்கூடம் என்ற ஒன்றுக்குள் நான் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

நாங்கள் இருப்பது வடக்கே ஒரு சின்ன ஊர். ஊருக்கு வெளியே ஒரு காடு. முதல் உலகப் போரில் அந்தக் காட்டில் ஆட்களை மூட்டை மூட்டையாகக் கொன்றிருக்கிறார்கள். பதுங்கு குழிகள் இன்னும் அப்படியே நெளிந்து நெளிந்து கிடக்கின்றன. அரசாங்கம் ஒரு பலகையை நட்டுவிட்டுப் போய்விட்டது. மீதி எல்லாம் இந்தச் சங்கம்தான்: வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார்கள், ஒரு பல் டாக்டர், ஒரு கறிக்கடைக்காரர், நான். சனிக்கிழமை காலையில் மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு போவோம். யந்திரம் ஓட்டினால் குழியின் கரை சரிந்துவிடும் என்பதால் புல்லைக் கையால்தான் பிடுங்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் மிதித்து மண்ணைக் கரைத்துவிடாமல் பலகை போடுவோம். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டுவோம். வெடிக்காத குண்டு மண்ணுக்குள் கிடக்கிற பக்கத்தில் ஆடு மேயவிட்டிருக்கிறோம். மனிதர்களுக்கு எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. ஆட்டுக்கு யாரும் சொல்லவில்லை.

சண்டையும் உண்டு. வாசலில் நிற்கும் பழைய பீரங்கிக்கு எந்தப் பச்சை அடிப்பது என்று பல சனிக்கிழமை கத்தினார்கள். போர் நடந்த காலத்தில்கூட அந்தப் பீரங்கியை வைத்து அவ்வளவு நாள் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். பல் டாக்டரும் ஒரு வாத்தியாரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே பீரங்கியின் இரண்டு சக்கரத்துக்கும் எண்ணெய் போடுகிறார்கள்.

இப்படி நாங்கள் அழகாக வைத்ததில் கூட்டம் வர ஆரம்பித்தது. கூட்டம் வந்ததால் பஸ் வந்தது. பஸ் நிற்க இடம் வேண்டும் என்று ஊராட்சியில் கேட்டார்கள். கிழக்கு மூலையில் ஜல்லி கொட்டிச் சமன் செய்துவிடலாம் என்று எங்கள் சங்கத்திலேயே பாதிப் பேர் கை தூக்கினார்கள். பஸ் நின்றால் இன்னும் கூட்டம் வரும், வாசலில் சங்கம் போடும் கேக் இன்னும் விற்கும். செத்தவர்களைக் காப்பாற்றுவதற்காகச் செத்தவர்கள் மேல் ஜல்லி.

கிழக்கு மூலை என் மூலை. அங்கே ஒரே ஒரு கல்தான் இருக்கிறது. பெயர், வயசு, ஊர். பெயர் செங்கேணி. ஊர் புதுச்சேரி. உடம்பு கிடைக்கவில்லை, அந்த மூலை மண்ணில் எங்கேயோ இருக்கிறான். "உங்க ஊர்க்காரர், நீங்களே பார்த்துக்குங்க" என்று சங்கத் தலைவி மதாம் எனக்கு அந்த இடத்தைக் கொடுத்திருந்தாள். கூட்டத்தில் நான் எழுந்து ஜல்லி வேண்டாம் என்றேன். மதாம் நல்லவள்தான், என்னை முசே, அதாவது ஐயா என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் சட்டம் பேசுகிறவள்.

"அவருக்குக் குடும்பம் என்று யாராவது ஒருவர் தன் வாயால் வேண்டாம் என்று சொல்லட்டும், முசே. பஸ்ஸை மேற்குப் பக்கம் நிறுத்திவிடுகிறோம். இல்லாவிட்டால் அடுத்த மாதம் லாரி வரும்" என்றாள்.

அவளே எங்கேயோ தேடி, செங்கேணியின் தகப்பன் பெயர் தாண்டவன் என்று கண்டுபிடித்துக் கொடுத்தாள். அதை வைத்துக்கொண்டுதான் வந்தேன். ஒரு 'வேண்டாம்' வாங்கிக்கொண்டு போக.

வந்த அன்று ரத்தினத்தின் மனைவி காரப்பொடி மீன் குழம்பு வைத்திருந்தாள். அதைச் சாப்பிட்டுவிட்டு நான் போர், பஸ், ஜல்லி எல்லாவற்றையும் மறந்து தூங்கினேன். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா.

மறுநாள் காலையில் பழைய பட்டாளத்துக்காரர்கள் கூடும் ஒரு வீட்டுக்குப் போனேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். அந்த வெயிலில் டை கட்டிய ஒரு பெரியவர் கை குலுக்கினார். இங்கேயும் சங்கம், அங்கேயும் சங்கம். அங்கே மண்டி போட்டு உட்காருவோம், இங்கே சோபாவில் உட்காருகிறார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"செங்கேணியா? பேரைப் பாத்தா குப்பத்து ஆளு மாதிரி இருக்குதே. நம்ம கிட்ட இருக்கறதெல்லாம் நல்ல குடும்பத்து ஆளுங்க, முசே."

"இவனும் பிரான்சுக்காகத்தான் செத்தான்" என்றேன்.

"செத்தாரு சரி. பென்ஷன் விஷயமா ஏதாவது இருந்தா சொல்லுங்க, செஞ்சி குடுக்கறேன்" என்றார். செத்தவனுக்கு என்ன பென்ஷன்? எழுந்து வந்துவிட்டேன். எலுமிச்சை ஜூஸ் மட்டும் நன்றாக இருந்தது.

குப்பத்து ஆள் என்று அவர் சொன்னது மட்டும் உபயோகப்பட்டது. கனகசெட்டிக்குளத்தில் வலைக்காரர் ஒருவரைத் தெரியும், மீனவர் குடும்பங்களெல்லாம் அவருக்கு அத்துப்படி என்று ரத்தினம் சொன்னான். பஸ் ஏறினேன். ஊர் வந்ததும் எழுப்புங்க என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுத் தூங்கினேன். அவர் யாருடனோ போனில் சண்டை போட்டுக்கொண்டே என்னை மறந்துவிட்டார். கண் விழித்தபோது தமிழ்நாட்டுக்குள் போயிருந்தேன். பிரான்சிலும் இப்படித்தான், பெல்ஜியம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. இங்கே அந்தக் குழப்பம் கிடையாது. திரும்பி நடந்தேன், எங்கே பிராந்திக் கடைகள் வரிசையாக ஆரம்பிக்கின்றனவோ அதுதான் புதுச்சேரி எல்லை. ஒரு கடை வாசலில் நின்றவர், நடுப்பகலிலேயே நன்றாக ஆடிக்கொண்டிருந்தாலும், வழியை மட்டும் நேராகச் சொன்னார்.

வலைக்காரர் கிழிசலைத் தைத்துக்கொண்டே கேட்டார்.

"கப்பலேறிப் போன செங்கேணியா? அது இங்க இல்ல, வைத்திக்குப்பம். எங்க சித்தி அங்கதான் வாழ்க்கப்பட்டா. அங்க போயி 'வெள்ளக்காரிகூட ஓடிப் போனவன் வூடு எது'ன்னு கேளு. சின்னப் புள்ளகூடக் காட்டும்."

"ஓடிப் போகலைங்க. சண்டையில செத்துட்டான்."

"செத்திருந்தா சொல்லி அனுப்பியிருக்க மாட்டாங்களா?" என்றார். நியாயமான கேள்விதான். செய்தி எந்தத் துறைமுகத்தில் நின்றுபோனதோ, குப்பத்துக்கு வந்து சேரவில்லை.

அடுத்த நாள் வைத்திக்குப்பத்தில் இறங்கி, வேறு அடையாளம் தெரியாததால், அந்தக் கேவலமான கேள்வியையே கேட்டேன். வலைக்காரர் சொன்னது சரி. கேட்ட முதல் ஆளே சிரித்துக்கொண்டு கையைக் காட்டினார். வீடு பூட்டியிருந்தது. அந்த வீட்டுக் கன்னியம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறாள், செங்கேணியின் பேத்தி என்றார்கள்.

பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதிக்குள் நுழைவது அங்கே எங்கள் பதுங்கு குழிக்குள் நடப்பதைவிடக் கஷ்டம். அங்கே பலகையாவது போட்டிருக்கிறோம். காலுக்குக் கீழே ஐஸ் தண்ணீர், தலைக்கு மேல் கூடை, காதுக்குள் கூச்சல். கன்னியம்மா அறுபதைத் தாண்டிய பெண், அகலமான முகம், அரிவாள்மணையில் சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பெருசு, வாங்குவியா, மொறைச்சிப் பாத்துட்டுப் போவியா?"

அந்த இரைச்சலில் நான் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "வெள்ளக்காரிகூட ஓடிப் போனவரு வூட்டு ஆளு நீதானேம்மா?" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் என்ன கத்தினேன் என்று தெரிந்தது. சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் கையை நிறுத்தினார்கள். கன்னியம்மா மீனைக் கீழே வைத்தாள்.

"எவன்டா நீ? கட்டையில போற வயசுல என் பாட்டன் வம்ப வாங்க வந்தியா? உன் வாயில கவல மீன வச்சித் தைக்க!"

"ஓடிப் போகலம்மா. அதச் சொல்லத்தான் வந்தேன். சண்டையில செத்துட்டாரு. தகப்பன் பேரு தாண்டவன்."

"தாண்டவன் எங்க அப்பன் பேரு. அவரு பாட்டன் பேரதான் அவருக்கு வச்சாங்க" என்றாள். பிறகு, "நெசமாலும் செத்துட்டாரா?" என்று கேட்டாள். நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்தவரைப் பற்றிக் கேட்பது மாதிரி இருந்தது.

"ஆமாம்மா. நான் அந்த மண்ணுலதான் வாராவாரம் புல்லு புடுங்கறேன்."

கன்னியம்மா எழுந்தாள். மீன் மேல் தெளிக்க வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தூக்கி, அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டாள். சாவு காதில் விழுந்தால் தலை முழுக வேண்டும் அல்லவா, அதற்கு. மீன் செதில் முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்துக் கடைக்காரியிடம் கூடையைத் தள்ளிவிட்டு என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். அங்கே வைத்து கல்லில் எழுதியிருக்கும் வயசு, பஸ், ஜல்லி, 'வேண்டாம்' எல்லாவற்றையும் சொன்னேன்.

"சொல்றேன். நீ கேட்டத சொல்றேன். ஆனா மொதல்ல குப்பத்துல போட்டெல்லாம் நிக்கணும்."

வைத்திக்குப்பத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அன்றைக்கு ஒரு படகும் கடலில் இறங்காது. மீறி இறங்கினால் அபராதம். கன்னியம்மா விளக்கினாள்: "எங்க அப்பன பெத்தவ சாவற வரைக்கும் தாலி கட்டிக்கினு, பொட்டு வச்சிக்கினு இருந்தா. அதுக்கே சிரிச்சானுங்க. ஓடிப் போனவனுக்கு எவனும் போட்ட நிறுத்த மாட்டான். செத்தவனுக்குத்தான் நிறுத்துவான். நிறுத்தட்டும். அப்புறம் நான் உன் மதாம் கிட்ட சொல்றேன்."

வந்தது ஒரு வார்த்தைக்கு. இப்போது ஒரு குப்பத்தின் ஒரு நாள் மீன்பாட்டை நிறுத்த வேண்டும்.

அடுத்த நாள் சாயங்காலம் கோயில் முன்னால் மணலில் கூட்டம். பஞ்சாயத்துத் தலைவர் ஆறுமுகம் பிளாஸ்டிக் நாற்காலியில், மற்றவர்கள் மணலில். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். ஒரு கால் மணலில் புதைந்துகொண்டே இருந்தது.

"காத்து நல்லா இருக்குது, மீன் பாடும் இருக்குது" என்று ஆரம்பித்தார் தலைவர். "இது நூறு வருசம் தாண்டுன சாவு. இதுக்கு நிறுத்துனா நாளைக்கு அவனவன் முப்பாட்டன் சாவத் தூக்கிக்கினு வருவான்."

"வருசம் பூரா கரையிலயே குந்தியிருக்கலாம்" என்றது ஒரு குரல். சிரிப்பு.

கன்னியம்மா எழுந்தாள். "போன மாசம் உன் மாமியா செத்தா, நின்னுச்சா இல்லியா? அவ எந்த நாட்டுல போயி சண்ட போட்டா? உன்கூடத்தான போட்டா?"

இந்தத் தடவை சிரிப்பு அலைச் சத்தத்தை அமுக்கியது. தலைவரும் சிரித்துவிட்டு, உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, பொணம் எங்க?"

மூலையைச் சொன்னேன். உடம்பு கிடைக்காததைச் சொன்னேன். புல்லைச் சொன்னேன். அங்கேதான் பிடித்துக்கொண்டார்கள்.

"யாரு புடுங்கறது? கவர்மெண்டு ஆளா?"

"இல்ல. ஊரு ஜனங்க. சனிக்கிழமையில."

"செத்தவங்களுக்கு சொந்தமா?"

"இல்ல."

"ஒரே சாதியா?"

"அதுவும் இல்ல."

"எலெக்சன்ல நிக்கறாங்களா?"

"இல்லப்பா. அவங்கதான் காசு கட்டி, பலக போட்டு, குழி இடியாம பாத்துக்கறாங்க."

"பின்ன எதுக்குத்தான்யா புடுங்கறாங்க?"

இத்தனை வருஷமாகப் போகிறேன், யோசித்ததே இல்லை. "வேல முடிஞ்சதும் கேக் குடுப்பாங்க. நல்லா இருக்கும்" என்றேன்.

பிறகு பின்னாலிருந்து ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "நம்ம ஆளு மேல மொளைக்கற புல்ல எவனோ காசு கட்டிப் புடுங்கறான். நாம இங்க குந்திக்கினு ஒரு நாளு பாட்டுக்கு கணக்கு பாக்கறோம்."

தலைவருக்குக் கோபம் வந்தது. உண்மை பேசப்பட்டால் நாற்காலியில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் வரும், மதாமுக்கும் வரும். "சரி, பத்து மணி வரைக்கும் நிறுத்தலாம்" என்றார்.

"பத்து மணி வரைக்கும்தான் செத்தாரா?" என்றாள் கன்னியம்மா.

கடைசியில் தலைவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "பஞ்சாயத்து கட்டாயம் பண்ணாது. அபராதம் கெடையாது. நிக்கறவன் நிக்கலாம், போறவன் போலாம்."

கூட்டம் கலைந்தது. கன்னியம்மா மணலில் காறித் துப்பினாள். "கட்டாயம் இல்லன்னா எவன் நிப்பான்? பண்ணிட்டான் பாரு." அவரவர் இஷ்டம் என்ற ஒன்று அந்தக் கரையில் அதுவரை இருந்ததே இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒன்று கட்டளை, இல்லாவிட்டால் கடல்.

விடியும் முன்பே ரத்தினத்தின் ஸ்கூட்டரில் போனேன். அது பாதி வழியில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டே வந்தோம். கரையில் ஃபைபர் படகுகள் வரிசையாக மூக்கைக் கடல் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றன. ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். எஞ்சினை மாட்டியிருந்தார்கள், வலையை ஏற்றியிருந்தார்கள், தண்ணீர்க் கேன்கூட ஏற்றியிருந்தார்கள். தள்ளுவதுதான் பாக்கி. ஒருவரும் தள்ளவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்துப் படகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கன்னியம்மா படகுகளுக்கு நடுவில், ஈர மணலில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்துக்கு முன்னால் முதல் ஆளாகப் படகைத் தள்ள எவனுக்கும் தோள் வரவில்லை.

எனக்கு இது பழக்கமான காட்சி. எங்கள் சங்கத்தில் மழை பெய்யும் சனிக்கிழமைகளில் இதேதான் நடக்கும். எல்லாருக்கும் வீட்டுக்குப் போக ஆசை. யார் முதலில் கிளம்புவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே சாயங்காலம் வரைக்கும் புல் பிடுங்கிவிடுவோம். வருஷக் கடைசியில் எங்கள் சேவை மனப்பான்மையைப் பாராட்டி மேயர் பேசுவார்.

வெளிச்சம் வந்தது. காற்று நன்றாகத்தான் இருந்தது. தலைவர் ஆறுமுகம் தன் படகின் மேல் கை வைத்தார். எல்லாரும் திரும்பினார்கள். கையை எடுத்து, அந்தக் கையாலேயே பீடியைத் தேடினார். அதைப் பற்றவைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் கரை முழுக்க உட்கார்ந்தது. ஒருவன் வலையை இறக்க ஆரம்பித்தான்.

கன்னியம்மா கொஞ்ச நேரம் வெறும் கடலைப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "உன் போன எடு. எதப் பாத்துப் பேசணும்?"

காட்டினேன். தலைமுடியை முடிந்துகொண்டு, போனைப் பார்த்து, மார்க்கெட் குரலில் பேசினாள்.

"அம்மா, நான் செங்கேணி பேத்தி பேசறேன். அந்த எடத்துல பஸ்ஸ நிறுத்தாதீங்க. எங்க ஆளு படுத்திருக்காரு. இங்க எங்க போட்டெல்லாம் நிறுத்திட்டோம். அங்க உங்க பஸ்ஸ நீங்க வேற எங்கியாச்சும் நிறுத்திக்குங்க."

நான் பின்னாலேயே பிரெஞ்சில் சொன்னேன். தட்டு கழுவிக் கற்ற பிரெஞ்சு. அவள் சொன்னதில் பாதி காரம்கூட வரவில்லை. அனுப்பினேன்.

வீட்டுக்குப் போய்ப் படுப்பாள் என்று நினைத்தேன். அவள் வெறும் கூடையைத் தூக்கிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். சாவு வீட்டுக்காரி மார்க்கெட்டுக்குப் போகலாமா என்று ரத்தினம் முனகினான். "போனாதான் நாலு பேருக்குத் தெரியும்" என்றாள் அவள். ஸ்கூட்டரை ரத்தினத்திடம் விட்டுவிட்டு நானும் கூடவே போனேன். டெம்போவில் அவள் கூடையை என் மடியில்தான் வைத்தாள்.

தன் இடத்தில், ஐஸ் இல்லாமல், மீன் இல்லாமல், கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். மதாமின் பதில் வந்தது. வயசானவர்கள் எந்த நாட்டிலும் சீக்கிரம் எழுந்துவிடுகிறார்கள். பஸ் மேற்குப் பக்கம்தான், ஊராட்சியிடம் இன்றே சொல்லிவிடுகிறேன் என்றாள். கூடவே, அந்த அம்மாளும் படகுக்காரர்களும் நம் சங்கத்தில் சேர விரும்புவார்களா, குடும்பமாகச் சேர்ந்தால் சந்தாவில் சலுகை உண்டு என்றும் சொன்னாள். முதல் பாதியை மட்டும் கன்னியம்மாவுக்குச் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

வயர் கூடையோடு ஒரு வாடிக்கைக்கார அம்மாள் வந்து நின்றாள். "இன்னா கன்னியம்மா, கூடைய கவுத்துட்ட? மீனு இல்ல?"

"எங்க வூட்ல சாவு. குப்பத்துல போட்டு எறங்கல."

"அய்யய்யோ, யாரு?"

"எங்க தாத்தா."

அந்த அம்மாள் கன்னியம்மாவின் நரைத்த தலையைப் பார்த்தாள். முகம் லேசானது. "தாத்தாவா! அப்ப கல்யாண சாவுன்னு சொல்லு. பேரன் பேத்தி எடுத்து, எல்லாம் பாத்துட்டுப் போயிருப்பாரு. என்ன வயசு இருக்கும்?"

"இருவத்திரெண்டு" என்றாள் கன்னியம்மா.